குரூப் ப்ராஜெக்ட் முதல் கம்பைன் ஸ்டடி வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் அப்பார்ட்மென்ட் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் உண்டு. குழு வேலை பற்றிப் பெற்றோர், மாணவர்கள், கூட வேலை பார்க்கும் ஆசிரியர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று இல்லை, உங்கள் கேள்வி எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

குழுவாக உட்கார்ந்து வேலை செய்தாலே அது கூட்டுக் கற்றல்தானே?

இல்லை. நாலு பேரை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து "சேர்ந்து செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னால், ஒருவர் எழுதுவார், ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒருவர் பென்சில் சீவுவார், நாலாவது ஆள் பக்கத்து மேஜைக்காரனோடு கிரிக்கெட் பேசுவார். பாகம் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் எழுதி ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தாலும் அப்படித்தான், முதல் பக்கம் எழுதியவருக்கு மூன்றாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்ற அண்ணன் தம்பி இருவரும் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்து, கூட்டுக் கற்றலுக்கு ஐந்து அம்சம் வேண்டும் என்றார்கள். மற்றவர் இல்லாமல் என் வேலை முடியாது என்ற நிலை, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு, நேருக்கு நேர் உதவிக்கொள்வது, பேசிப் பழகும் திறன், முடிந்த பிறகு "எப்படிச் செய்தோம்" என்று சேர்ந்து யோசிப்பது. ஐந்தும் முக்கியம்தான். ஆனால் முதல் இரண்டும் இல்லாத இடத்தில் மற்ற மூன்றும் ஒட்டாது என்பது என் கட்சி. அதனால் யாராவது குழு வேலையைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக உட்கார்ந்து இதை முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் முடித்துவிடும், மற்ற மூன்று பேரும் பெயர் எழுதிக்கொள்வார்கள்.

எந்தக் குழுவிலும் ஒருவர் இருவர் சும்மா இருந்தே மார்க் வாங்கிவிடுகிறார்களே, சோம்பேறித்தனமா?

சோம்பேறித்தனம் மட்டும் என்றால் கண்டித்துச் சரிசெய்துவிடலாம். மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து, முடிவை 1913-ல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் விசை குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்கு வந்தது, தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வடத்தில் கை வைத்திருப்பவர்கள் எல்லோரும் இழுக்கிறார்கள் என்று யார் சொன்னது?

கயிறு இழுக்கும்போது ஒருவருக்கொருவர் தாளம் தப்புவதாலும் விசை குறையும் என்று சொல்லலாம். 1979-ல் அமெரிக்காவில் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் மூவரும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். கண்ணைக் கட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கூடப் பலர் கத்துகிறார்கள் என்று நம்ப வைத்துத் தனியாகவே கத்தச் சொன்னபோதும் சத்தம் குறைந்தது. பிறகு, ஒவ்வொருவர் சத்தமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தக் குறைவு காணாமல் போனது. வகுப்புக்கு வேண்டிய செய்தி அந்தக் கடைசி வரிதான். "பொறுப்பாக இரு" என்று உபதேசம் செய்வதைவிட, யாரை எழுப்பிக் கேட்பேன் என்று முன்கூட்டியே தெரியாமல் வைத்திருப்பது வேலை செய்யும்.

சரி, "மற்றவர் இல்லாமல் முடியாது" என்கிற மாதிரி வேலையை எப்படி அமைப்பது? ஒரு உதாரணம் காட்டுங்கள்.

இதற்குப் பழைய, நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி ஜிக்சா. 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளை, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை முதல்முறையாக ஒரே வகுப்பில் சேர்த்தபோது கைகலப்பு வரை போனது. கூப்பிட்டனுப்பப்பட்ட உளவியலாளர் எலியட் ஆரன்சன் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார். ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கையைத் தூக்கும் போட்டிதான் பகையை வளர்க்கிறது என்று அவருக்குப் பட்டது. பாடத்தைத் துண்டுகளாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அடுத்தவன் வாயைத் திறந்து சொன்னால்தான் மீதிப் பாடம் எனக்குத் தெரியும் என்றால், அவனைக் கிண்டல் செய்வதில் எனக்கு என்ன லாபம்?

எட்டாம் வகுப்பில் நான் செய்வது "பெங்களூருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?". நாலு துண்டு, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. முதல் துண்டு ஏரிகள்: இன்று கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் சம்பங்கி ஏரி இருந்தது, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடத்தில் தர்மாம்புதி ஏரி. இரண்டாவது அர்க்காவதி ஆறு: 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர், அது போதாமல் 1933-ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். மூன்றாவது காவிரி: 1974-ல் முதல் கட்டம், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் வைத்து ஏற்றுவது. நாலாவது போர்வெல்லும் டேங்கர் லாரியும், 2024 கோடையில் தண்ணீர் இல்லாமல் பட்ட பாடும்.

ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் தனியாகக் கூடி, அதைப் புரிந்துகொண்டு, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேசிக்கொள்வார்கள். இந்தப் படியை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள், படிப்பில் பின்தங்கிய பிள்ளை தைரியமாக வாயைத் திறப்பது இங்கே ஒத்திகை பார்த்ததால்தான். அப்புறம் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு அவரவர் குழுவுக்குத் திரும்புவார்கள். தாள் கையில் இருந்தால் நீட்டிவிடுவார்கள், அடுத்தவர் காப்பி அடிப்பார், ஒருவரும் பேச மாட்டார்கள். கடைசிக் கேள்வி எந்த ஒரு துண்டிலும் பதில் இல்லாததாக இருக்க வேண்டும். நான் கேட்பது: "ஊருக்குள்ளேயே ஏரி இருந்த நகரம் ஏன் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தண்ணீர் எடுக்கிறது? இனிமேல் எங்கே போகும்?" இதற்கு ஒரே பதில் கிடையாது, சண்டை போடுவார்கள், போடட்டும். பீரியட் முடிவில் நாலு துண்டிலிருந்தும் சின்ன டெஸ்ட், தனித்தனியாக, பக்கத்தில் பார்க்காமல்.

எங்கள் வகுப்பில் ஐம்பது பேர், பெஞ்சை நகர்த்தவே முடியாது. இதெல்லாம் நடக்கிற காரியமா?

ஜிக்சா கஷ்டம். ஜோடி வேலை சுலபம். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981-ல் எழுதிய முறை ஒன்று உண்டு: கேள்வியைக் கேள், ஒரு நிமிடம் எல்லோரும் வாயை மூடி யோசி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல், பிறகு வகுப்புக்குச் சொல். பெஞ்ச் இருந்த இடத்திலேயே இருக்கும். நாலு பேர் வேண்டுமென்றால் முன் பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பி உட்கார்ந்தால் போதும்.

இதில் பலர் விட்டுவிடுவது அந்த ஒரு நிமிட மௌனத்தை. அது இல்லாவிட்டால் ஜோடியில் வேகமானவர் பதிலைச் சொல்லிவிடுவார், மற்றவர் "ஆமா ஆமா" என்பார், முடிந்தது. இரண்டாவதாக, பகிரும்போது "நீ என்ன நினைத்தாய்" என்று கேட்காதீர்கள், "உன் பக்கத்தில் இருப்பவள் என்ன சொன்னாள்" என்று கேளுங்கள். காது கொடுத்துக் கேட்க ஆரம்பிப்பார்கள்.

சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். நான் கையைத் தூக்கினால் பார்த்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிப் பேச்சை நிறுத்த வேண்டும் என்று ஜூன் மாதத்திலேயே பழக்கிவிடுகிறேன். பழக்காமல் நவம்பரில் திடீரென்று குழு வேலை கொடுத்தால் சந்தைக்கடைதான்.

என் பையன் நன்றாகப் படிப்பவன். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே அவன் நேரம் போகிறதே?

ஓரளவு உங்கள் கவலை நியாயம், ஆனால் பாதி பிழை. நொரீன் வெப் என்ற ஆராய்ச்சியாளர் சிறு குழுக்களில் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஆராய்ந்தவர். ஏன், எப்படி என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுக்கிற பிள்ளைதான் நிறையக் கற்றுக்கொள்கிறது என்று அவர் கண்டார். விடையை மட்டும் சொன்னால் சொன்னவருக்கும் லாபமில்லை, வாங்கியவருக்கும் இல்லை. உங்கள் பையனிடம் "எப்படிப்பா வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்த கணக்கை அடுத்தவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியாவிட்டால், அவனுக்கும் அது முழுசாகத் தெரியவில்லை.

நியாயமான பாதி எதுவென்றால், எல்லாப் பாடத்திலும் எல்லா நாளும் அவனையே சம்பளமில்லாத டியூஷன் மாஸ்டர் ஆக்குவது. சவாலான வேலை அவனுக்கும் வேண்டும். வாரத்தில் சில பீரியட் கலவையான குழு, சில பீரியட் தனி வேலை, சில நேரம் அவன் மட்டத்தில் இருப்பவர்களோடு. ஆசிரியர் இதை மாற்றி மாற்றிச் செய்யவில்லை என்றால் கேட்கலாம், தப்பில்லை.

போன வருஷம்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்தோம். என் மகளுக்குக் கன்னடமும் இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தயங்கித் தயங்கித்தான் பேசுவாள். குழுவில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்யலாம்?

இந்த ஊரில் இது அடிக்கடி வருகிற கேள்வி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், விளையாட்டு மைதானத்தில் இந்தி, வகுப்பில் இங்கிலீஷ் என்று ஒரு பிள்ளை நாலு மொழியைச் சமாளிக்கிறது. வாய் திறக்காததை வைத்து மற்ற பிள்ளைகள் "இவளுக்கு ஒன்றும் தெரியாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் கோஹன் இதைத்தான் ஆராய்ந்தார். யாருக்கு அந்தஸ்து அதிகம் என்று வகுப்பு நினைக்கிறதோ அவர்களே குழுவில் அதிகம் பேசுகிறார்கள், அதிகம் பேசுகிறவர்களே அதிகம் கற்கிறார்கள், இடைவெளி இன்னும் அகலமாகிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் குழு வேலையே பின்தங்கிய பிள்ளையை இன்னும் பின்னால் தள்ளும்.

கோஹன் சொன்ன வழிகளில் ஒன்று எனக்குப் பலிக்கிறது. வேலையில் பலவிதத் திறமை தேவைப்படும்படி செய்ய வேண்டும், வரைவது, அளப்பது, பொருத்திப் பார்ப்பது, தவறைக் கண்டுபிடிப்பது என்று. அந்தப் பிள்ளை அதில் ஒன்றை நன்றாகச் செய்யும் நேரத்தில் ஆசிரியர் எல்லோர் காதிலும் விழும்படி, குறிப்பாக என்ன செய்தாள் என்பதோடு சொல்ல வேண்டும். வெறும் "வெரி குட்" பிரயோஜனம் இல்லை. "வெப்பமானியை அவள் கண் மட்டத்தில் வைத்துப் படித்தாள், அதனால்தான் அந்தக் குழுவின் அளவு சரியாக வந்தது" என்றால் அடுத்த முறை குழுவே அவளிடம் கொடுக்கும்.

அப்புறம், தமிழ் தெரிந்த இன்னொரு பிள்ளை வகுப்பில் இருந்தால் இருவரும் முதலில் தமிழில் பேசி முடிக்கட்டும், பிறகு குழுவுக்கு இங்கிலீஷில் சொல்லட்டும். "நோ தமிழ், ஒன்லி இங்கிலீஷ்" என்று அதட்டுகிற ஆசிரியர் இருந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். வீட்டு மொழி வேறாக இருக்கும் பிள்ளைகளுக்கு இரு மொழியிலும் சொல்லிக் கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது, அதை எடுத்துக் காட்டலாம். கன்னடம் மட்டும் சீக்கிரம் கற்றுக்கொள்ளட்டும், அதற்குக் குழுவைவிட நல்ல இடம் வேறு இல்லை.

குழுவுக்கு மொத்தமாக ஒரே மார்க் போடுவது சரியா?

எனக்கு உடன்பாடில்லை. வேலை செய்தவருக்கு எரிச்சல், செய்யாதவருக்கு ஓசி. ஆனால் மார்க்கே இல்லாவிட்டாலும் ஒருவருக்கொருவர் உதவ அக்கறை வராது. இதற்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்லாவின் ஒரு கணக்கு கண்டுபிடித்தார். குழுவாகப் படிப்பார்கள், டெஸ்ட் மட்டும் தனித்தனி. ஒவ்வொருவர் மார்க்கையும் அவரவருடைய பழைய சராசரியோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஏறினார்கள் என்பதற்குப் புள்ளி. சராசரி 40 எடுக்கிறவர் 55 எடுத்தால் குழுவுக்கு 30 புள்ளி, சராசரி 90 எடுக்கிறவர் 85 எடுத்தால் 10 புள்ளிதான். ஒரே டெஸ்டில் கடைசி பெஞ்ச் பையன் குழுவுக்கு வேண்டிய ஆளாகிவிடுவான், ஏனென்றால் ஏறுவதற்கு அவனிடம்தான் இடம் இருக்கிறது.

இந்தப் புள்ளிகளை ரிப்போர்ட் கார்டில் ஏற்ற வேண்டாம். அதிகப் புள்ளி எடுத்த குழுவின் பெயரைப் பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்குப் போதும். ரிப்போர்ட்டில் வருவது தனித் தேர்வின் மார்க்.

ப்ராஜெக்டுக்காக வார இறுதியில் யாராவது ஒரு வீட்டில் கூடச் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை சர்ஜாபூர் ரோட், ஒன்று ஹெப்பாள், ஒன்று அல்சூர். இது நியாயமா?

நியாயமே இல்லை. ஸில்க் போர்டு சிக்னலின் டிராஃபிக்கைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் வேலை அப்பாக்களின் டிரைவர் வேலையாகவும் அம்மாக்களின் வாட்ஸ்ஆப் வேலையாகவும் மாறி, கடைசியில் தெர்மாகோல் வெட்டுவது யாரோ ஒரு சித்தப்பா. 2009 கல்வி உரிமைச் சட்டம் ஏழை, பின்தங்கிய குடும்பங்களுக்கு ஒதுக்கிய 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், லேப்டாப்பும் கலர் பிரிண்ட் அவுட்டும் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது இன்னொரு அநியாயம். குழு வேலை பள்ளி நேரத்துக்குள், ஆசிரியர் கண்முன்னே நடக்க வேண்டும். தகவல் திரட்டுவது மட்டும் வீட்டில், அதுவும் தனித்தனியாக.

பெற்றோர் எவ்வளவு உதவலாம்?

சார்ட் பேப்பர் வாங்கித் தரலாம்.

(ஒன்பதாம் வகுப்பு மாணவி) எங்கள் குழுவில் ஒருவன் எதுவுமே செய்வதில்லை. மிஸ்ஸிடம் சொன்னால் கோள் சொல்வது மாதிரி இருக்காதா?

முதலில் அவனிடமே கேளும்மா, ஆனால் "நீயும் ஏதாவது பண்ணேன்" என்று கேட்காதே, அதற்கு "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். "மூன்றாவது பகுதியில் இரண்டு படமும் அதன் கீழே நாலு வரியும், வியாழக்கிழமை லன்ச்சுக்குள்" என்று கேள். பல பேர் செய்யாமல் இருப்பது எதைச் செய்வது என்று தெரியாததால். சிலருக்கு வேறு காரணம் இருக்கும், சாயங்காலம் அப்பாவின் கடையில் உட்கார வேண்டியிருக்கும், வீட்டில் ஒரே போன் இருக்கும், அதுவும் அண்ணன் கையில். அதைத் தெரிந்துகொண்டால் வேலையை மாற்றிக் கொடுக்கலாம்.

வியாழக்கிழமையும் வரவில்லை என்றால் மிஸ்ஸிடம் சொல், அவனுக்கும் தெரிந்தே சொல். சமர்ப்பித்து மார்க் வந்த பிறகு அழுதுகொண்டு வந்து சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, நடுவில் சொன்னால் முடியும். அவன் பங்கையும் நீயே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து செய்துவிட்டு அப்புறம் புலம்புவது மட்டும் வேண்டாம்.

(இன்ஜினியரிங் மாணவர்) ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நாலு பேர். இரண்டு பேர் கோடிங், மற்ற இரண்டு பேர் ரிப்போர்ட்டும் பிபிடியும். இதில் என்ன தப்பு?

வேலைக்குத் தப்பில்லை, படிப்புக்குத் தப்பு. கம்பெனியில் தெரிந்ததைத் தெரிந்தவர் செய்வார், கல்லூரியில் தெரியாததைச் செய்யத்தானே வந்தீர்கள்? ரிப்போர்ட் எழுதியவர் இன்டர்வியூவில் "உங்கள் ப்ராஜெக்டில் ஏன் இந்த டேட்டாபேஸ்?" என்ற கேள்விக்கு முழிப்பார். ரெடிமேட் ப்ராஜெக்டே கிட்டோடும் ரிப்போர்ட்டோடும் விலைக்குக் கிடைக்கிற ஊர் இது. வாங்கியவருக்கும், சொந்தக் குழுவிலேயே எட்டிப் பார்க்காதவருக்கும் வைவாவில் ஒரே கதிதான். எஸ்.பி. ரோட்டில் சென்சாரும் போர்டும் வாங்கப் போகும்போதாவது நாலு பேரும் சேர்ந்து போங்கள், எது எதற்கு என்று கடைக்காரரிடமே பாதி தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதிய புரோகிராமை, அதை எழுதாதவர் மற்ற மூவருக்கும் விளக்க வேண்டும், தடுமாறினால் தப்பு அவர்மேல் மட்டும் இல்லை, எழுதியவர் மேலும்தான். புரோகிராமைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டு வைத்தால் யார் எப்போது என்ன செய்தார் என்பது தானாகப் பதிவாகும், பஞ்சாயத்து மிச்சம்.

இதைப் படிக்கிற விரிவுரையாளர்களுக்கு ஒன்று. ஹார்வர்டில் இயற்பியல் எடுத்த எரிக் மஸூர் 1991-லிருந்து செய்வது, நூறு பேர் இருக்கும் ஹாலிலும் நடக்கும். கருத்து சார்ந்த ஒரு கேள்வி, எல்லோரும் தனியாக விடையைத் தேர்ந்தெடுப்பார்கள், வேறு விடை சொன்ன பக்கத்து ஆளைச் சம்மதிக்க வைக்க முயல்வார்கள், மறுபடி தேர்வு. முதல் சுற்றில் சரியாகச் சொன்னவர்கள் 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பேச்சு சூடு பிடிக்கும். எல்லோருக்கும் தெரிந்த கேள்வியில் பேச ஒன்றும் இல்லை, ஒருவருக்கும் தெரியாததில் நீங்களே நடத்திவிடுங்கள்.

பரீட்சைக்கு முன்னால் கம்பைன் ஸ்டடி என்று போகிறார்கள். உண்மையிலேயே படிக்கிறார்களா?

அது எப்படிச் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. யூரி ட்ரீஸ்மன் என்பவர் 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் மாணவர்களைக் கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பலர் உழைப்பில் குறை வைக்கவில்லை, ஆனால் தனியாகவே படித்தார்கள், தோற்றார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்து, எங்கே தப்பு என்று சாப்பிட்டுக்கொண்டே சண்டை போட்டார்கள். ட்ரீஸ்மன் ஏற்பாடு செய்த பயிற்சிக் குழுக்களில் எளிய பாடம் கொடுக்கவில்லை, இன்னும் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார். முடிவுகள் பெரிதாக மாறின.

ஆக முதலில் தனியாக, பிறகு சேர்ந்து. ஒன்றும் படிக்காத நாலு பேர் மொட்டை மாடியில் கூடினால் டீ குடிப்பார்கள். ஆளுக்குப் பத்துக் கணக்கு போட்டுக்கொண்டு வந்து, விடை வேறுபடுகிற மூன்றை மட்டும் எடுத்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போதும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே? நம் ஊருக்கு ஒத்துவருமா?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவர் இருந்தாரே, மூத்த மாணவர், சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார் சார்பில் சொல்லிக் கொடுப்பவர். 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அப்படிச் செய்தார். மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்தார். ஊருக்குத் திரும்பி 1797-ல் அதை எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. சரக்கு இங்கிருந்துதான் போனது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் பழம்பெருமையை அங்கேயே நிறுத்திக்கொள்வோம். சட்டாம்பிள்ளை முறையில் தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் ஒப்பிப்பார், கையில் பிரம்பும் இருக்கும். இருவருக்கும் ஒருவர் மற்றவர் தேவை என்ற ஏற்பாடு அதில் இல்லை. இன்று பல குழுக்களில் 'லீடர்' என்று ஒருவரை நியமிப்பது அதே சட்டாம்பிள்ளையைத்தான் திரும்பக் கொண்டுவருகிறது.

அப்படியென்றால் லீடர் வேண்டாமா?

வேண்டாம். வேறு பொறுப்புகள் கொடுங்கள்: கேள்வியை வாசித்து எல்லோருக்கும் புரிந்ததா என்று கேட்பவர், எழுதுபவர், "இது எப்படித் தெரியும்?" என்று குடைந்து கேட்பவர், பொருட்களைப் பார்த்துக்கொள்பவர். வாரம் ஒருமுறை சுற்றி வர வேண்டும். 'டைம் கீப்பர்' என்ற பதவியை நான் எடுத்துவிட்டேன், படிப்பு வராத பிள்ளை தலையில் அதைக் கட்டிவிட்டு மற்ற மூவரும் வேலை பார்ப்பார்கள், அதுவும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எழுதும் வேலை எப்போதும் பெண் பிள்ளைக்கே போகிறதா என்றும் பாருங்கள், கையெழுத்து அழகு என்பது சாக்கு.

குழுவை யார் பிரிப்பது என்றும் கேட்பார்கள். ஆசிரியர்தான். மூன்று அல்லது நாலு பேர், ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் ஒளிந்துகொள்வார். ஒரு மாதமாவது கலைக்க வேண்டாம், முதல் வாரச் சண்டையைப் பார்த்துக் கலைத்துவிட்டால் சமாதானமாகப் போகக் கற்கவே மாட்டார்கள்.

என் பெண் தனியாக இருக்கத்தான் விரும்புவாள். கட்டாயப்படுத்தலாமா?

நாலு பேர் குழுவில் போடாதீர்கள், ஒரே ஒருவரோடு ஜோடி போடச் சொல்லுங்கள், அதுவும் அவளே தேர்ந்தெடுத்த ஒருவர். முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு வாசிக்கலாம் என்றால் பல கூச்சக்காரப் பிள்ளைகள் பேசிவிடுவார்கள். ஆட்டிசம் போன்ற காரணம் இருந்தால் சத்தமே பெரிய சிரமமாக இருக்கலாம், அப்போது அறையின் ஓரத்தில் இடம், முன்கூட்டியே சொல்லப்பட்ட பொறுப்பு, வேண்டும்போது விலகிக்கொள்ளும் அனுமதி மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

ஜேஇஇ, நீட் எல்லாம் தனியாகத்தானே எழுத வேண்டும்? போட்டிக்குப் பழக வேண்டாமா?

போட்டிக்குப் பழக இந்த நாட்டில் வாய்ப்புக்கா பஞ்சம்? தேர்வு தனியாகத்தான், தயாரிப்பு தனியாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ட்ரீஸ்மன் மாணவர்களும் பரீட்சையைத் தனியாகத்தான் எழுதினார்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆறு வயதும் பன்னிரண்டு வயதும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே எப்படி?

அங்கேதான் இது நன்றாகவே எடுபடும். பெங்களூரில் வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் சரளமாகப் பேசுவார்கள், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. சிலருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அர்த்தம் தெரியாது. இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தால் ஒருவருக்கு ஒருவர் தேவை என்பது தானாகவே அமைந்துவிடுகிறது.

ஒரு குறளுக்கு ஏழு சீர். ஏழு துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்து, நாலு ஜோடிக்குப் பங்கிட்டுக் கொடுப்பேன். சீட்டைக் காட்டக்கூடாது, வாசித்துத்தான் காட்ட வேண்டும். இரண்டு அடியின் முதல் சீரிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் குறளாகத் தேர்ந்தெடுத்தால் எதுகையை வைத்தே முதல் சீர்களைப் பிடித்துவிடுவார்கள். பெரிய பிள்ளைகள் அர்த்தத்தை வைத்து அடுக்கப் பார்ப்பார்கள், சின்னதுகள் ஓசையை வைத்து "இது இங்கே வராது" என்று அடம்பிடிக்கும், பல தடவை சின்னதுகள் சொன்னதுதான் சரி.

பிடிஎம்மில் (பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில்) ஆசிரியரிடம் என்ன கேட்கலாம்?

"குழு வேலை தருகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். இதைக் கேளுங்கள்: குழுவாகச் செய்த பிறகு என் பிள்ளையைத் தனியாக என்ன கேட்டீர்கள், என்ன பதில் சொன்னாள்? ஆசிரியரால் உடனே சொல்ல முடிந்தால் கவலைப்பட வேண்டாம். கோபமாகக் கேட்காதீர்கள், ஒரு ஆசிரியருக்கு ஐந்து செக்ஷன் இருக்கும், இன்று பதில் இல்லாவிட்டால் அடுத்த பிடிஎம்மில் மறுபடி கேட்கலாம்.